கேட்டால் சொல்கிறேன்: நல்லது செய்ய வேலையை விடணுமா?

போன மாதம் 'வேலை மாறுவது பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள்' என்று இந்தப் பகுதியின் அடியில் ஒரு வரி போட்டிருந்தேன். சம்பளம் ஏறவில்லை, மேனேஜர் தொல்லை தாங்கவில்லை, இப்படித்தான் வரும் என்று நினைத்தேன். வந்ததில் பாதிக்குமேல் வேறு ரகம். 'நான் செய்கிற வேலையால் யாருக்கு என்ன பிரயோஜனம், வேறு துறைக்குப் போனால் நாலு பேருக்காவது உதவுமே' என்கிற கடிதங்கள். மூன்றை எடுத்துக்கொள்கிறேன். முதல் பதில் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, எனக்கு 31 வயது. சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங். கைக்கு 95 ஆயிரம் வருகிறது. அமெரிக்காவில் ஒரு கடைக்கான கூப்பன் ஆப், பட்டனை அழுத்தினால் தள்ளுபடி சரியாகக் கழிகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. போன வருடம் அப்பாவுக்கு மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் கண்புரை ஆபரேஷன் நடந்தது. அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போன பெண்ணுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். மறுநாள் கட்டைப் பிரித்ததும் அப்பா எதிர்ச் சுவரில் இருந்த தினசரிக் காலண்டரில் தேதியைப் படித்தார், அடியில் இருந்த ராகுகாலத்தையும் சேர்த்துப் படித்தார். அன்றிலிருந்து ஆபீஸில் என்னால் உட்கார முடியவில்லை. பி.எட். படித்து அரசுப் பள்ளி டீச்சர் ஆகலாமா, நர்சிங் படிக்கலாமா, தொண்டு நிறுவனம் எதிலாவது சேரலாமா என்று தினம் ஒரு யோசனை. தங்கை கல்யாணக் கடன் இன்னும் 4 லட்சம் பாக்கி. அம்மா 'நல்ல வேலையை விட்டுட்டு சேவையாம் சேவை' என்கிறார். வீட்டுக்காரர் 'உன் இஷ்டம்' என்கிறார். அது சம்மதமா கோபமா என்று தெரியவில்லை. என்ன செய்யட்டும்? – பெயர் வேண்டாம், சென்னை.

பதில்: முதலில் அந்த 'உன் இஷ்டம்'. கல்யாணமாகி 22 வருடம் ஆனவன் சொல்கிறேன் அம்மணி, அது சம்மதமும் இல்லை, கோபமும் இல்லை, 'கணக்கு என்னன்னு சொல்லு, அப்புறம் பேசலாம்' என்பதன் சுருக்கம். கணக்குக்குப் பிறகு வருகிறேன்.

காலண்டருக்கு வருவோம். உங்கள் அப்பா ராகுகாலம் படித்த அந்த நிமிடத்தில் உங்கள் கண்ணில் பட்டது கையைப் பிடித்த பெண். சரிதான், எனக்கும் அதுதான் பட்டிருக்கும். ஆனால் அந்த நிமிடத்துக்குள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் பாருங்கள். அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி முதலில் கண் டாக்டராக வரவேண்டியவரே இல்லை, மகப்பேறு மருத்துவம் படிக்கப் போனவர். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போனதால் வேறு வழியில்லாமல் கண்ணுக்கு மாறினார். அந்த விரல்களை வைத்துக்கொண்டே கத்தி பிடிக்கப் பழகினார். அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல், 58 வயதில், 11 படுக்கையோடு மதுரையில் ஆரம்பித்தார். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும், மேடைதோறும் சொல்கிறார்கள். அதிகம் சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. அதுதான் உங்களுக்கு வேண்டியது.

அங்கே ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேசை. ஒரு மேசையில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி மருந்து போட்டு, துணி போர்த்தித் தயாராக இருப்பார். முதல் கண் முடிந்ததும் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பினால் போதும், சர்ஜன் எழுந்து நடக்கக்கூட வேண்டாம். காத்திருக்கிற நேரம் என்று ஒன்று இல்லாமல் செய்துவிட்டார்கள். இதை ஒரு டாக்டரின் கருணை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. யாரோ ஒருவர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எங்கே நேரம் ஒழுகுகிறது என்று உட்கார்ந்து பார்த்திருக்கிறார். கிராமத்துப் பெண்களை பிளஸ் டூ முடித்ததும் எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து வேலையில் வைக்கிறார்கள், உங்கள் அப்பாவின் கையைப் பிடித்தவர் அப்படி வந்தவராகத்தான் இருக்கும். நிர்வாகத்தைக் கட்டியவர்களில் முக்கியமானவர் ஆர்.டி. துளசிராஜ், அவர் டாக்டர் இல்லை, கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் படித்தவர். அப்புறம் அந்த லென்ஸ். ஒரு காலத்தில் புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்புவார்கள், நம் தாத்தா பாட்டிகளின் போட்டோவில் இருக்கும். உள்ளே வைக்கிற லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், கூலிக்காரர் பல மாதம் சாப்பிடாமல் சேர்த்தாலும் கட்டுப்படியாகாது. 1992-ல் ஆரோலேப் என்று மதுரையிலேயே லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்து, விலையை வெளிநாட்டு லென்ஸ் விலையில் சிறு பங்காக்கினார்கள். அங்கே லென்ஸின் விளிம்பு வழவழப்பாக இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்கி வைக்கிற ஒருவர் இருப்பார் இல்லையா? அவர் வாழ்நாளில் ஒரு நோயாளியின் கையைக்கூடப் பிடித்திருக்க மாட்டார். உங்கள் அப்பா ராகுகாலம் படித்ததில் அவருக்கும் பங்கு உண்டு. அவர் செய்கிற வேலைக்கு என்ன பெயர் என்று நினைக்கிறீர்கள்? டெஸ்டிங்.

இதைச் சொல்லிவிட்டு 'அதனால் கூப்பன் ஆப்பிலேயே இருங்கள்' என்று முடிக்கப் போவதில்லை. கூப்பன் ஆப்பால் யாருக்கும் கண் தெரியப்போவதில்லை, அதில் உங்கள் மனசாட்சி சரியாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் நீங்கள் எழுதிய மூன்று யோசனைக்கும் ஒரு பொது அம்சம் இருக்கிறது, கவனித்தீர்களா? மூன்றிலுமே ஒன்பது வருடம் கற்றதைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையோடு போகிறீர்கள்.

பி.எட். எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடப் படிப்பு. அப்புறம் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு. அதில் தேறினாலும் நியமனத்துக்குத் தனியாக ஒரு தேர்வு. டெட் தேறிவிட்டு வருடக்கணக்கில் வேலைக்காகக் காத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், சென்னையில் அவர்கள் நடத்திய போராட்டங்களை நீங்களே டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் நீங்களும் போய் நின்று, உங்கள் திறமையால் முந்தியும்விட்டால், அந்த வகுப்பில் ஒரு ஆசிரியர் கூடுதலாக வரமாட்டார். வரிசையில் உங்களுக்கு அடுத்து இருந்தவர் நிற்க வேண்டிய இடத்தில் நீங்கள் நிற்பீர்கள், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு என்ன லாபம் என்றால், அவரைவிட நீங்கள் எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுப்பீர்களோ அந்த வித்தியாசம் மட்டும். ஜவ்வாது மலையிலோ கல்வராயன் மலையிலோ, போட்ட ஆசிரியர் டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிற ஊருக்குப் போய் அங்கேயே பத்து வருடம் இருப்பேன் என்றால் கதையே வேறு, நானே பஸ் ஏற்றிவிடுவேன். இருப்பீர்களா?

நர்சிங்குக்கு நான்கு வருடம். பிளஸ் டூவில் நீங்கள் என்ன குரூப் என்று எழுதவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் பயாலஜி இல்லாமல் பி.எஸ்சி. நர்சிங்கில் சேர முடியாது, பேச்சு அங்கேயே முடிந்தது. சேர முடிந்தாலும், படித்து முடித்த நர்ஸ்களுக்கு இங்கே பஞ்சம் இல்லை, அவர்களுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுக்கிற இடத்துக்குத்தான் பஞ்சம். அடுத்த கடிதத்தைப் படித்தால் தெரியும்.

இந்த இடத்தில் என் சொந்தத் தோல்வி ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் ஏதோ மேலே உட்கார்ந்துகொண்டு உபதேசம் பண்ணுகிற மாதிரி ஆகிவிடும். நான் திருப்பூர்க்காரன். பதினோரு வருடம் ஒரு சாயப்பட்டறை லேபில் கெமிஸ்ட். காலையில் நொய்யல் பாலத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போவேன். அன்றைக்கு எந்த ஷேடு ஓடுகிறது என்பதை ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று எங்களுக்குள் ஒரு ஜோக் உண்டு. இப்போது நினைத்தால் அந்த ஜோக்குக்கு எப்படிச் சிரித்தோம் என்று தெரியவில்லை. கீழே ஒரத்துப்பாளையம் அணையில், பாசனத்துக்கு என்று கட்டிய அணையில், சாயத்தண்ணி தேங்கி நின்று விவசாயிகளே 'தயவுசெய்து தண்ணி விடாதீங்க' என்று கோர்ட்டுக்குப் போனார்கள். என் மாமனாருக்கு அந்தப் பக்கம்தான் தோட்டம். ஒரு பொங்கலுக்குப் போயிருந்தபோது கிணற்றுத் தண்ணியை ஒரு சொம்பில் கொண்டுவந்து, ஒன்றும் சொல்லாமல், என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த மாதமே வேலையை விட்டேன். நல்லது செய்ய வேண்டும், அது சாயத்திலிருந்து முடிந்த அளவு தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் யோசனை. ஒரு இலவசப் பள்ளியில் கெமிஸ்ட்ரி வாத்தியாராகப் போய்ச் சேர்ந்தேன். படு மோசமான வாத்தியார். எனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியும், அடுத்தவருக்கு ஏன் புரியவில்லை என்பது எனக்குப் புரியாது. பின்பெஞ்சு முழுக்கத் தூங்கும், முன்பெஞ்சு மரியாதைக்காக விழித்திருக்கும். ஒரு வருடம் முடிந்ததும் ஹெட்மாஸ்டர் டீ வாங்கிக்கொடுத்து, 'சார், நீங்க ரொம்ப நல்லவர்' என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

திரும்பி ஊர் வந்து சும்மா இருந்தபோது, கழிவுநீர் சுத்திகரிப்பில் இருந்த ஒரு பழைய சிநேகிதன் கேட்டான்: 'உப்பு எங்கிருந்து வருதுன்னு உனக்குத்தானேடா தெரியும், நீ எதுக்கு வேற எங்கெங்கேயோ சுத்தறே?' விஷயம் இதுதான். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும், கொஞ்சநஞ்சம் இல்லை, மூட்டை மூட்டையாக. அந்த உப்பு சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளுமே தவிர துணியில் தங்காது, போட்டது அத்தனையும் தண்ணியோடு வெளியே வரும். நிறத்தை எடுத்துவிடலாம், நாற்றத்தை எடுத்துவிடலாம், பாக்டீரியா தொட்டி உப்பை ஒன்றும் பண்ணாது. ஆர்.ஓ. போட்டால் நல்ல தண்ணி ஒரு பக்கம், உப்பெல்லாம் சேர்ந்த ரிஜெக்ட் இன்னொரு பக்கம். அதை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பாக எடுக்க வேண்டும். பட்டறையில் சோத்து உப்பையும் கிளாபர் உப்பையும் (சோடியம் சல்ஃபேட்) கலந்து போட்டிருந்தால் கடைசியில் வருவது கலப்பு உப்பு, எதற்கும் உதவாது, கொட்டகையில் மூட்டையாக அடுக்க வேண்டியதுதான். கிளாபர் உப்பு மட்டும் போட்டிருந்தால் அதைப் பிரித்தெடுத்துத் திரும்பப் பட்டறைக்கே விற்கலாம். அதாவது பிரச்சினையின் பாதி, சுத்திகரிப்பு நிலையத்தில் இல்லை, சாயத் தொட்டியில் உப்பு கொட்டுகிற ஆள் கையில் இருக்கிறது. அந்த ஆளோடு பதினோரு வருடம் டீ குடித்தவன் நான். சுத்திகரிப்பு இன்ஜினியர் சொன்னால் 'உங்களுக்கென்னங்க, ஷேடு ஃபெயிலானா யார் பதில் சொல்றது' என்பார்கள். நான் போய், இந்த ஷேடுக்கு இந்த ரெசிப்பி, இந்த உப்பு, பண்ணிக் காட்டுகிறேன் என்று பக்கத்தில் நிற்க முடிந்தது. 2011 ஜனவரியில் ஹைகோர்ட் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டு வெளியே விடாமல் ஓட்டினால்தான் திறக்கலாம் என்று ஆனபோது, பகல் ராத்திரி தெரியாமல் வேலை இருந்தது. என் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்தது என்று ஒன்று இருந்தால் அந்த மூன்று வருடம்தான். நொய்யல் சுத்தமாகிவிட்டதா என்று கேட்காதீர்கள். கேட்டால் வேறு கட்டுரை எழுத வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு இதில் என்ன இருக்கிறது? நல்லது நடக்கிற இடங்களில் நல்ல மனசுக்காரர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருப்பார்கள். அங்கே இல்லாதது வேறு ஏதாவதாக இருக்கும். நான் பார்த்த தொண்டு நிறுவனங்களில் பாதியில் நோயாளிப் பட்டியல் ஒருவர் லேப்டாப்பில், மருந்துக் கணக்கு இன்னொருவர் நோட்டில், ஒரே ஆள் முருகேசன், முருகேஷ், எம். முருகேசன் என்று மூன்று ஆளாக இருப்பார். மூன்று மாதம் மருந்து வாங்க வராதவர் யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'இது எங்கே உடையும்' என்று பார்க்கவே ஒன்பது வருடம் சம்பளம் வாங்கியவருக்கு அங்கே வேலை இருக்கிறதா இல்லையா?

பெரிய அளவில் வேண்டுமென்றால் நம் அரசு மருந்துக் கழகத்தைப் பாருங்கள். 'மருந்து ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கோங்க' என்று ஜன்னலில் சொல்வார்களே, அதைக் குறைக்கத்தான் 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை ஏற்படுத்தினார்கள். அவசியமான மருந்துகளுக்கு ஒரு பட்டியல், மொத்தக் கொள்முதல், மாவட்டத்துக்குக் கிடங்கு, வந்த சரக்கை லேபுக்கு அனுப்பிச் சோதித்த பிறகே வெளியே விடுவது, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் பாஸ்புக் மாதிரி ஒரு புத்தகம், எந்தக் கிடங்கில் எது எவ்வளவு இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் கணக்கு. அவ்வளவுதான், இதில் எங்கேயும் ஸ்டெதஸ்கோப் இல்லை. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போய் அதே மாதிரி செய்தன. சர்க்கரை மாத்திரை தடங்கல் இல்லாமல் கிடைத்த ஒரு பாட்டிக்கு இதைக் கட்டியவர்களின் பெயர் தெரியாது.

வேலையில் இருந்தபடியே பணம் கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் கேட்பார்கள். கேவலமான யோசனை இல்லை அது. நீங்களும் பக்கத்து சீட்டுக்காரரும் சேர்ந்து ஆளுக்கு மாதம் பத்தாயிரம் கொடுத்தால், ஏற்கெனவே பயிற்சி பெற்று, அந்த ஊர் பாஷை தெரிந்த ஒரு களப்பணியாளருக்குச் சம்பளம் ஆகிவிடும். நீங்கள் நான்கு வருடம் படித்துவிட்டு வருவதைவிட அவர் நாளைக்கே வேலையை ஆரம்பிப்பார். ஒரு எச்சரிக்கை: இரண்டாம் தேதி அக்கவுண்டிலிருந்து தானாகப் போகிற மாதிரி செய்யுங்கள். 'மாசக் கடைசியில் மிச்சம் இருந்தா' என்று விட்டால் அந்த மாசக் கடைசி வரவே வராது, எனக்குத் தெரியும். நன்கொடைக்கு வரிவிலக்கு பழைய வரித் திட்டத்தில் இருந்தால்தான், புதியதில் கிடையாது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

சரி, 'உன் இஷ்டம்' கணக்கு. அடுத்த ஆறு மாதம், வேலையை விடாமலே, 40 ஆயிரத்தில் குடும்பத்தின் உங்கள் பங்கை ஓட்டிப் பாருங்கள். மீதியில் கடனை அடையுங்கள், ஆறு மாதத்தில் 3 லட்சத்துக்கு மேல் குறையும். ஓட்ட முடிந்தால் சம்பளம் பாதியானாலும் தாங்கும் என்று உங்கள் வீட்டுக்காரருக்குக் கண்ணால் காட்டியாகிவிட்டது, முடியாவிட்டால் வேலையை விடாமலே தெரிந்துகொண்டாகிவிட்டது. ஐந்து வருடத்துக்குமேல் ஒரே கம்பெனி என்றால் கிராஜுட்டி உண்டு, வருடத்துக்கு 15 நாள் அடிப்படைச் சம்பளம் என்று கணக்கு. பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், அப்பாவும் அம்மாவும் உங்கள் கம்பெனி இன்சூரன்ஸில் இருந்தால் நீங்கள் ஐடி கார்டை ஒப்படைக்கிற அன்றோடு அது போச்சு. புதிதாகத் தனி பாலிசி எடுத்தால் இருக்கிற நோய்க்கு மூன்று வருடம் வரை காக்கவைப்பார்கள். அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனி பாலிசிக்கு மாற முடியுமா என்று நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே ஹெச்.ஆரிடம் கேளுங்கள். சேவைக்குப் போகிறேன் என்று கிளம்பியவர், அப்பாவின் ஆஸ்பத்திரி பில்லுக்காகத் திரும்பி ஓடி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கிடையில் இரண்டு வாரம் லீவு போடுங்கள். ஒரு தொண்டு மருத்துவமனையிலோ அமைப்பிலோ போய் உட்காருங்கள், வார்டில் வேண்டாம், ரிக்கார்டு ரூமில். அங்கே இருப்பவரிடம் 'நான் என்ன உதவி செய்யட்டும்' என்று கேட்காதீர்கள், ஏதாவது பேனர் எழுதக் கொடுத்துவிடுவார்கள். 'ஒரு வருடமாக ஆள் கிடைக்காமல் எந்த நாற்காலி காலியாக இருக்கிறது' என்று கேளுங்கள். அந்த வேலையை விட்டுப் போனவர் ஒருவரையும் தேடிப் பிடித்துப் பேசுங்கள், அதில் இருப்பவர்கள் நல்லதாகத்தான் சொல்வார்கள்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு படித்த பிறகும் 'இல்லைண்ணா, எனக்கு ரிக்கார்டு ரூம் வேண்டாம், அந்தக் கையைப் பிடிக்கிறதுதான் வேணும்' என்று தோன்றினால், தப்பே இல்லை. அது உங்களுக்காக வேண்டும், அதை அப்படியே ஒத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேலையை விடவும் வேண்டாம். கோழிக்கோட்டில் 1993-ல் ஆரம்பித்த வலி நிவாரண இயக்கம் கேரளம் முழுக்கப் பரவியது சாதாரண ஆட்களால்தான், கொஞ்ச நேரப் பயிற்சி எடுத்துக்கொண்டு லீவு நாளில் படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுகிறவர்கள். சென்னையிலும் அப்படிப்பட்ட குழுக்கள் உண்டு. ஆறு சனிக்கிழமை போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: சார், நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்து நான்கு வருடமாக மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் இருக்கிறேன். வயது 27. சம்பளம் 15 ஆயிரம். மாதத்தில் பாதி நைட். கூடப் படித்தவள் மெடிக்கல் கோடிங் போய் ஏ.சி.யில் உட்கார்ந்து என்னைவிட அதிகம் வாங்குகிறாள். நானும் போகலாம் என்றால் சீனியர் சிஸ்டர் 'உயிரைக் காப்பாத்துற வேலையை விட்டுட்டு டைப் அடிக்கப் போறியா, இது சேவைம்மா' என்கிறார். குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. – ஒரு செவிலியர், திருநெல்வேலி மாவட்டம்.

பதில்: அந்தச் 'சேவை' என்கிற வார்த்தையைச் சம்பளச் சீட்டில் எந்த வரியில் போடுகிறார்கள் என்று உங்கள் சிஸ்டரிடம் கேளுங்கள். பாவம், அவரைத் திட்டிப் பயனில்லை, அவருக்கும் அதையே சொல்லித்தான் இருபது வருடம் ஓட்டியிருப்பார்கள்.

மேலே ஒரு தங்கைக்கு, 'நீங்கள் போனால் அங்கே உண்மையில் ஒரு ஆள் கூடுமா' என்று கேட்டேன். உங்களிடம் அதையே திருப்பிக் கேட்டால் நேர்மையான பதில் கசக்கும்: நீங்கள் போனால் ஒரு ஆள் குறையத்தான் செய்யும். வென்டிலேட்டரில் இருக்கிறவருக்கு ஒரு நர்ஸ் என்பது நியதி. உங்கள் ஐ.சி.யூ.வில் நைட்டில் ஒருவர் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எழுதாததே பதில். நான்கு வருடம் பழகிய கண், மானிட்டர் கத்துவதற்கு முன்பே முகத்தைப் பார்த்துச் சொல்கிற கண், நாளைக்குப் புதிதாக வருகிற பெண்ணுக்கு இருக்காது. நஷ்டம் நிஜம். ஆனால் அந்த நஷ்டத்துக்கு நீங்கள் காரணம் இல்லை. 2016-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லி அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு 20 ஆயிரத்துக்குக் குறையக் கூடாது என்றது. கேரளத்தில் நர்ஸ்கள் சங்கமாகச் சேர்ந்து போராடி 2018-ல் அதை அரசாணையாகவே வாங்கினார்கள். இத்தனை வருடம் கழித்து உங்களுக்கு 15 ஆயிரம் என்றால், குற்ற உணர்ச்சி படவேண்டியவர் வேறு யாரோ.

போகலாம். ஆனால் கோடிங் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு போங்கள்: அமெரிக்க ஆஸ்பத்திரி ரிக்கார்டைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போடுவது, அந்த எண்ணை வைத்து அங்கே இன்சூரன்ஸ் பணம் கொடுக்கும். நாள் முழுக்க இலக்கு, இத்தனை சார்ட், இவ்வளவு துல்லியம். நீங்கள் படித்த உடற்கூறு அங்கே உதவும். அதில் பாவமும் இல்லை, புண்ணியமும் பெரிதாக இல்லை.

ஒன்றை மட்டும் உட்கார்ந்து யோசியுங்கள். உங்களுக்கு அலுத்துப்போனது நர்சிங்கா, அந்த நைட் ஷிஃப்டா? நைட் என்றால் டயாலிசிஸ் யூனிட், பள்ளி, கம்பெனி மருத்துவ அறை என்று பகல் வேலைகள் இருக்கின்றன. அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் வேலைக்கு எம்.ஆர்.பி. தேர்வு இருக்கிறது, தொகுப்பூதியத்தில் எடுத்து வருடக்கணக்கில் இழுப்பார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஜெர்மனி போகிறவர்கள் இருக்கிறார்கள், பி2 நிலை வரை ஜெர்மன் மொழி படிக்க வேண்டும், ஏஜென்ட் லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். எங்கே போனாலும் நர்சிங் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்காமல் விடாதீர்கள். இரண்டு வருடம் தூங்கி எழுந்து, கடன் இருந்தால் அடைத்து, தெம்பு வந்த பிறகு திரும்பி வரத் தோன்றலாம். அந்தக் கதவு திறந்திருக்கட்டும்.

கேள்வி: வங்கி மேலாளராக ஓய்வு பெற்றுவிட்டேன். கும்பகோணத்தில் சொந்த வீடு. இனி சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரு டிரஸ்ட் ஆரம்பிக்க எண்ணம். பெயர்கூட வைத்துவிட்டேன். தங்கள் ஆலோசனை? – ஒரு வாசகர்.

பதில்: பெயரை அப்படியே டைரியில் வைத்திருங்கள், டிரஸ்ட் வேண்டாம். உங்கள் தெருவில் ஏற்கெனவே இருக்கிற டிரஸ்ட்களே போதும் சார். பதிவு, ஆடிட், லெட்டர்ஹெட், தொடக்க விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது, இதிலேயே உங்கள் முதல் இரண்டு வருடமும் போய்விடும்.

நீங்கள் முப்பது வருடம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர். இந்தப் பக்கம் நின்ற மகளிர் குழுப் பெண்கள் ஞாபகம் இருக்கிறதா? 1989-ல் தருமபுரியில் ஆரம்பித்து இன்றைக்குத் தமிழ்நாடு முழுக்க இருக்கிற குழுக்கள் அவை. சேமிப்பில் ஒரு ரூபாய் பிசகாது, ஆனால் பெரிய கடன் என்று வந்தால் எந்தப் படிவம், எந்த இணைப்பு, மேனேஜர் எதைப் பார்த்து 'அப்புறம் வாங்க' என்பார் என்று தெரியாமல் நான்கு தடவை நடப்பார்கள். எதைப் பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? வாரம் இரண்டு நாள், ஒரு குழுக் கூட்டமைப்பில் போய் உட்கார்ந்து அவர்கள் காகிதத்தைச் சரிபார்த்துக் கொடுங்கள். கூடவே வங்கிக்கும் போங்கள், ஆனால் உங்கள் பழைய கிளைக்கு மட்டும் வேண்டாம். அங்கே எல்லாரும் 'சார்' என்று எழுந்து நிற்பார்கள், காபி வரும், வேலை நடக்காது.